காற்று வாங்கப் போன தீவு

ஆகஸ்ட் லீவுக்கு மன்னார்த் தீவுக்குப் போகிறோம் என்று பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் அறையில் நான் சொன்ன அன்று, சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி அந்த நேரம் தேநீரை விழுங்கிக்கொண்டிருந்ததால் சிரிக்க முடியாமல் இருமினாள்.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. கண்டியில் மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்களுக்கு 'சேஞ்சுக்குப் போவது' என்று ஒரு புதுப் பழக்கம் தொற்றியிருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கிக் கடலோரத்தில் கொஞ்ச நாள் உட்கார்ந்துவிட்டு, முகம் சிவந்து திரும்பி வருவார்கள். அதைப் பார்த்து நம்மவர்களும் தொடங்கினார்கள். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தால் இதே பேச்சுத்தான். ஒருத்தி கல்கிசைக்குப் போயிருப்பாள், ஒருத்தி திருகோணமலைக்கு, ஒருத்தி நுவரெலியாவுக்குப் போய்ச் சளி பிடித்துக்கொண்டு வந்திருப்பாள். நான் எங்கேயும் போகாமல் அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அந்தச் சுபாவம் கிடையாது.

"மன்னாருக்கோ?" என்றார் கணக்கு டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரி, நல்ல மனுஷி, ஆனால் தன் ஊருக்குத் தெற்கே இருக்கும் எதையும் அவருக்குப் பிடிக்காது. "அங்க என்ன கிடக்கெண்டு போறீர்? மணலும் உப்புக் காத்தும் கழுதையுந்தானே. காத்தெண்டால் லேசுப்பட்ட காத்தில்லை, தலைமயிரைப் பிடுங்கிப்போடும். கடல் பாக்க ஆசையெண்டால் எங்கட பக்கம் வாரும். காரைநகரில என்ர அண்ணை வீடு இருக்கு."

"மரமாவது இருக்கா?" என்று கேட்டாள் பிலிமத்தலாவையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் தையல் டீச்சர்.

"ஓம், பனை இருக்கு."

"பனை நிழல் தருமா?"

"மெலிஞ்ச ஆளெண்டால் ஒராளுக்குக் காணும்."

மறுபடியும் சிரிப்பு. பச்சையைப் பார்த்துப் பார்த்தே பழகிய கண்டிக்காரர்களுக்கு மழை பெய்யாத ஊர் என்பதே ஒரு குறைபாடு. எனக்குக் காது சூடாகிவிட்டது. "சிரிக்கிறவங்க சிரிங்க. நான் போறேன்" என்று கொப்பிகளை வாரிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகிற வழியில், நாங்கள் வழக்கமாகத் துணி எடுக்கும் கடையில் நின்று இதைச் சொல்லிப் பொருமினேன். கடை முதலாளி கண்டியிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம். ஆனால் பெண் எடுத்தது தலைமன்னாரில், அந்தத் தீவின் கடைசி முனையில். நான் சொல்லி முடிக்கும் முன்பே அளக்கிற கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு டீச்சர் அப்படிச் சொன்னது? இங்க ஈக்கிறவங்களுக்குக் காத்துன்னா என்னன்னு தெரியுமா? இங்க அடிக்கிறது காத்தா? ஈரத்துணி. அங்க துணியைப் பிழிஞ்சு கொடியில போட்டுட்டுத் திரும்ப முந்திக் காஞ்சி ஈக்கும். எங்கட மாமி எழுவது வயசிலயும் இருமினது கிடையாது. எல்லாம் அந்தக் காத்து!"

அதோடு நிறுத்தவில்லை. மச்சானின் வீடு கடலுக்குக் கிட்ட இருக்கிறதென்றும், ஓர் அறையும் விறாந்தையும் எங்களுக்கு ஒழித்துத் தரச் சொல்வதாகவும், வாடகை என்று வாயெடுத்தால் இனி இந்தக் கடைப்படி ஏற வேண்டாமென்றும் சொன்னார். ஊரைக் குறை சொன்னால் கோபம் வருகிற மனுஷர்களை எனக்குப் பிடிக்கும். நானும் அந்த ஜாதிதான்.

ஆனால் கணக்கு டீச்சரின் அபிப்பிராயமும் கடை முதலாளியின் அபிப்பிராயமும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்குத் தேவையாயிருந்தது ஒரே ஓர் ஆளின் சம்மதம். அது என் அம்மா.

அப்போது நாங்கள் கட்டுக்கலையில் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். என் கணவர் முனிசிபாலிட்டியில் கிளார்க். பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. அப்பா காலமான பிறகு அம்மாவை ஹேவாஹெட்டைத் தோட்டத்திலிருந்து எங்களோடு அழைத்து வந்துவிட்டேன். ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்த கை. வீட்டில் நாலு கதிரை இருந்தும் ஒன்றில்கூட உட்கார மாட்டாள். யாராவது நின்றுகொண்டிருந்தால் அவளும் நிற்பாள். யாருமே இல்லாவிட்டாலும் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நிற்பாள்.

"மன்னாரா?" என்றாள் அம்மா. அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகு நின்றது. "அது எறங்குற எடம்டி. எறங்கினா நடக்கணும். அங்கே போயி யாராச்சும் தங்குவாங்களா?"

தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு மன்னார் என்றால் அவ்வளவுதான். எங்கள் சனம் இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்து கால் வைத்த கரை அது. நான் வளர்ந்த காலத்தில் கப்பலும் ரயிலும் வந்துவிட்டன. அம்மா சின்னப் பிள்ளையாக வந்தபோது இரண்டும் இல்லை. பாம்பனிலிருந்து தோணியில் ஏற்றி, தலைமன்னார் மணலில் இறக்கி, அங்கிருந்து தீவின் நீளம் நடந்து, அப்புறம் காடு காடாக மலைநாடு வரைக்கும் நடந்தே வந்தார்கள். அந்த நடையில் அம்மா தன் தாயை இழந்தாள்.

அதை அம்மா அழுதுகொண்டு சொன்னதில்லை. கொழுந்து நிறுக்கக் காத்திருக்கிற நேரத்தில், வேறு எதையோ சொல்வது மாதிரிச் சொல்லுவாள். தோணியில் தாய்க்கு வாந்தியோ வாந்தி. கரையில் இறங்கியதும் கால் நிற்கவில்லை. "கொஞ்சம் உக்காந்துட்டு வாறேன் சாமி" என்று ஆட்களைக் கூட்டிவந்த கங்காணியிடம் கேட்டாள். "உக்காந்தா ஒன்னைத் தூக்கிட்டா போவாங்க? நட!" என்று அவன் கம்பைத் தட்டினான். அவள் நடந்தாள். தீவைக் கடந்து, மதவாச்சிக்கு இப்பால் எங்கேயோ ஒரு காட்டுப் பாதையில், யாரையும் கேட்காமல் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

"அந்த மணல்லயே செத்த நேரம் உக்கார விட்டிருந்தா பொழைச்சிருக்கும்" என்பாள் அம்மா.

எனக்கு அந்தக் கங்காணி மேல் தீராத கோபம். அவன் செத்து மண்ணாகிப் போயிருப்பான், அதனால் என்ன? கோபத்துக்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டுமென்று சட்டமா? கடலைப் பார்க்கப் போகிறோம் என்று ஆசிரியைகள் அறையில் சொன்னேனே தவிர, எனக்கு வேண்டியது கடல் இல்லை. என் அம்மா அந்த மணலில் ஒரு தடவை, ஒரு வேலையும் இல்லாமல், யாரும் எழுப்பாமல், உட்கார வேண்டும். துரைசானி உட்காருகிற மாதிரி. அதைப் பார்க்க எனக்கு ஆசை என்று சொன்னால் போதாது. அடம்.

"நீ வரலேன்னா நானும் போகல" என்றேன்.

"போகாத. நல்லது" என்றாள்.

கடைசியில் என் கணவர்தான் காரியத்தைச் சாதித்தார். "அத்தை, ஒங்க மக சமையலை நம்பி என்னைய அந்த மணக்காட்டுக்கு அனுப்பிடாதீங்க" என்று பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். மாப்பிள்ளை பட்டினி கிடப்பாரே என்று அம்மா இளகிவிட்டாள். ஆக அவள் லீவுக்கு வர ஒப்புக்கொள்ளவில்லை. வேலைக்கு வர ஒப்புக்கொண்டாள். வரட்டும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

பெரஹரா ஊர்வலம் முடிந்து கூட்டம் கலைந்ததும் புறப்பட்டோம். நான் இதற்கென்றே ஒரு தகரப் பெட்டி வாங்கியிருந்தேன், பச்சை நிறம், மூடியில் ரோஜாப்பூ. அம்மா தன் துணிமணியை அதில் வைக்க மறுத்துவிட்டாள். கொழுந்துக் காட்டுக்குக் கொண்டுபோன பழைய கம்பளியில் மூட்டையாகக் கட்டி, தோளில் போட்டுக்கொண்டாள். என் கணவர் குடையை எடுத்துக்கொண்டார். கண்டியில் ஆண்பிள்ளைகள் செருப்பில்லாமல் வெளியே போனாலும் போவார்கள், குடையில்லாமல் போக மாட்டார்கள். மழையே பெய்யாத ஊருக்குக் குடை எதற்கு என்று கேட்டேன். "பெய்யாதுன்னு யாரு எழுதிக் குடுத்தா?" என்றார்.

பொல்காவலையில் வண்டி மாறி வடக்கே போனோம். விடியும்போது ஜன்னலுக்கு வெளியே மலை இல்லை. எனக்கு அது பெரிய ஆச்சரியம். எந்தப் பக்கம் பார்த்தாலும் மலையில் போய் முட்டுகிற கண்ணுக்கு, இங்கே வானம் தரையைத் தொடுகிற இடம் வரை தெரிந்தது. பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைந்ததும் வண்டிக்குள் காற்றுப் புகுந்தது. அதுதான் சோளகம், தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. நம் கண்டிக்கு மழையாக வருகிற அதே காற்று அங்கே மழையைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் காற்றாக வருகிறது. வேலியில்லை, மேடில்லை, தடுக்க ஒன்றுமில்லை. பனைகள் எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்து நின்றன.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ப் பலகையைப் பார்த்தபடி வந்தாள்.

துறையடியில் வண்டி நின்றது. கப்பலும் நின்றது. இந்தியாவில் தங்கள் ஊருக்குப் போகிற தோட்டத்துச் சனம் நிறையப் பேர் எங்கள் வண்டியிலேயே வந்திருந்தார்கள். இறங்கின உடனே என் கணவர் செய்த முதல் காரியம், வெயிலுக்குக் குடையை விரித்தது. காற்று அதை ஒரே மூச்சில் மலர்த்திப் புனல் மாதிரி ஆக்கிவிட்டது. அவர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நான் சிரித்துக்கொண்டே பெட்டியை இறக்கினேன். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம்.

யாரோ ஒரு சேவகன் "வரிசை, வரிசை!" என்று கத்தியிருக்கிறான். தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் நின்று நின்று பழகிய கால். அம்மா போய் வரிசையில் நின்றுவிட்டாள். அதோடு விட்டாளா? காற்று முகத்தில் அடித்ததும், மழைக்குத் தோட்டத்தில் செய்வது போலவே கம்பளியை அவிழ்த்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, துணிகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டிருந்தாள். ஒரு சொட்டு மழை பெய்யாத கரையில், காய்கிற வெயிலில், கொங்காணி போட மலைநாட்டுச் சனத்தைத் தவிர வேறு யாருக்குத் தோன்றும்? பார்த்தால் கப்பலுக்குப் போகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி.

நான் ஓடிப்போகும்போது, கப்பலுக்குப் போகிறவர்களைச் சரிபார்க்கிற காக்கிச் சட்டை உத்தியோகத்தர் ஒருவர் அவள் முன்னால் வந்துவிட்டார்.

"எந்தத் தோட்டம் நீ?"

"ஹேவாஹெட்டைங்க. மேல்கணக்குங்க" என்றாள் அம்மா, குனிந்த தலையோடு. தோட்டத்தில் தான் வேலை செய்த பிரிவைக்கூட விடாமல் சொன்னாள். அவள் என்னோடு கண்டிக்கு வந்தே வருஷக்கணக்காகியிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தமிழ் வரவில்லை. இங்கிலீஷில் சொன்னேன், இவர் என் தாயார், நான் கண்டியில் ஆசிரியை, நாங்கள் விடுமுறைக்கு வந்திருக்கிறோம் என்று. அவர் என்னையும் என் தோல்செருப்பையும் தூரத்தில் குடையோடு போராடிக்கொண்டிருந்த என் கணவரையும் பார்த்தார்.

"விடுமுறைக்கா? இங்கேயா?" என்று சிரித்தார். தீவைப் பற்றி அவருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. "மன்னிக்கணும் மேடம்" என்றார் எனக்கு. அம்மாவைப் பார்த்து, "ஏய், நீ அந்தப் பக்கம் போ" என்றார்.

எனக்கு மேடம். என்னைப் பெற்றவளுக்கு ஏய்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். "காலு தானாப் போச்சுடி" என்று மெதுவாகச் சொன்னாள்.

வீடு கடை முதலாளியின் மச்சான் வீடு என்றாலும் ராஜ்யம் அவருடைய மனைவியுடையது. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். மெலிந்த உடம்பு, உரத்த குரல். காற்றில் பேசிப் பேசியே குரல் அப்படி ஆகிவிட்டது என்று அவரே சொல்லிச் சிரித்தார். நாங்கள் போனதும் மீன் ஆணமும் சோறும் ஆயத்தமாக இருந்தன. விறாந்தையில் வைத்துச் சாப்பிட்டோம். ஒரு கவளம் வாயில் வைத்த என் கணவர் மென்றபடியே, "சோறு, கறி, மணல். மூணும் பதமா இருக்கு" என்றார்.

"காத்துக்கு முகத்தைக் குடுத்து இரிந்தா அப்படித்தான். முதுகைக் குடுத்து இரிங்க" என்றார் வீட்டுக்காரி. அதன் பிறகு மணல் குறைந்தது.

மறுநாள் என் கணவர் கடலைப் பார்த்துவிட்டு வந்து, அலை ஆளைப் புரட்டுகிறது, கால் நனைக்கக்கூட முடியாது, கணக்கு டீச்சர் சொன்னதுதான் சரி என்று தீர்ப்புச் சொன்னார். வீட்டுக்காரி சோற்றுப் பானையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"நீங்க பார்த்தது தெக்குக் கடல். சோளகத்துக்குத் தெக்குக் கடல் அப்படித்தான் கெடக்கும். எங்கட தீவுக்கு ரெண்டு கடல் இரிக்கி மாப்பிள்ளை. ஒண்டு கோவிச்சா மத்தது சிரிக்கும். வடக்கால போய்ப் பாருங்க."

தீவு அங்கே அத்தனை ஒடுக்கம். பனங்கூடலுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் மறுபக்கக் கடல். போய்ப் பார்த்தோம். பாய் விரித்த மாதிரி கிடந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றால் பெருவிரல் நகம் தெரிந்தது. காற்று முதுகுப் பக்கமிருந்து வந்து, வியர்வை என்பதே உடம்பில் தங்கவில்லை. கண்டியில் மாதக்கணக்காக ஈரத்திலேயே கிடந்த என் எலும்பெல்லாம் காய்ந்தது மாதிரி இருந்தது. என் கணவர் அன்றோடு கட்சி மாறிவிட்டார். குடையைக் கூரைக் கம்பில் மாட்டிவிட்டு, இடுப்பு வேட்டியோடு தண்ணீரிலேயே கிடந்தார்.

எல்லாம் சரி. அம்மா வரவில்லை.

காலையில் கூப்பிட்டால், அடுப்பு மூட்ட வேண்டும். பின்னேரம் கூப்பிட்டால், முற்றம் கூட்ட வேண்டும். அந்த முற்றத்தைக் கூட்டுவது என்ன வேலை? இவள் ஒரு பக்கம் கூட்ட, மறுபக்கம் காற்று கொண்டுவந்து கொட்டும். இவள் சளைக்கவில்லை, காற்றும் சளைக்கவில்லை. ஒரே ஒரு நாள் என் தொல்லை தாங்காமல் கடற்கரை வரைக்கும் வந்தாள். வந்து, ஒரு பனையைப் பிடித்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். நாங்கள் குளித்து முடிக்கும் வரை நின்றாள். உட்காரும்மா என்றேன். "நிக்கிறேன், நிக்கிறேன்" என்றாள். லீவு கரைந்துகொண்டிருந்தது. என் அடம் தோற்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அன்று நான் அழுதேன், கோபத்தில்தான்.

நான் செய்ய முடியாததை வீட்டுக்காரியின் ரோஷம் செய்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்திருக்கிறார். ஒரு பின்னேரம் அம்மா முற்றத்தில் விளக்குமாற்றோடு நிற்க, வேலிக்கு அப்பால் போன இரண்டு பெண்கள் நின்று பார்த்து ஏதோ பேசிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். வீட்டுக்காரி இறங்கி வந்து விளக்குமாற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"இதைத் தாங்க அக்கா."

"இருக்கட்டும்மா. சும்மாதானே இருக்கேன்."

"சும்மா இரிக்கத்தானே வந்தீங்க! எங்கட ஊட்டுக்கு வந்த விருந்தாளிட கையில விளக்குமாறு இரிந்தா ஊர் என்னத்தைச் சொல்லும்? கண்டியில இரிந்து ஆளைக் கூப்பிட்டு முத்தம் கூட்ட வெச்சாளாம்னு சொல்ல மாட்டாங்களா? எங்கட தீவுல மழை இல்ல, மரம் இல்ல, ஒத்துக்கிறன். மரியாதையும் இல்லண்டு யாரும் சொல்ல ஏலாது. விடுங்க!"

அம்மா விளக்குமாற்றை விட்டுவிட்டாள். விருந்தாளி என்ற சொல்லை அவளைப் பார்த்து அந்த நாட்டில் யாரும் அதுவரை சொன்னதில்லை. தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் அவள் ஒரு பேர். துறையில் அவள் ஒரு 'ஏய்'. என் வீட்டில்கூட, நான் எவ்வளவு சொன்னாலும், மகளுக்குச் சமைத்துப் போட வந்தவளாகத்தான் தன்னை நினைத்துக்கொண்டிருந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, "நான் இந்த ஊருக்கு முன்னேயே வந்திருக்கேன்மா" என்றாள். தோணியையும் தாயையும் கங்காணியையும் பற்றி, எனக்குச் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

வீட்டுக்காரி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டார். "அந்தப் பாதை எங்கட ஊட்டுக்குப் பின்னாலதான் போச்சு" என்றார். "எங்கட உம்மா சொல்லுவாங்க. மலைக்குப் போற சனம் போகும், தண்ணி குடுத்தா நிண்டபடியே குடிச்சிட்டு ஓடும், இரிங்கண்டு சொன்னாலும் இரிக்காதுண்டு. கங்காணி விட மாட்டானாம். இரிக்காமப் போன சனம், இரிக்காமப் போன சனம் எண்டு உம்மா சாகும் மட்டும் சொல்லிச்சு." அம்மாவின் கையைப் பிடித்தார். "வாங்க அக்கா. உங்கட உம்மா இரிக்காத எடத்துல நீங்க வந்து இரிங்க."

இரண்டு பேரும் முன்னால் நடந்தார்கள். நான் பின்னால் போனேன். வாயைத் திறக்கவில்லை, என்னைத் தெரிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வடக்குக் கரையில் வெயில் சாய்ந்து மணல் ஆறியிருந்தது. அம்மா கடலைப் பார்த்தாள், அந்தப் பக்கம் இந்தியா இருக்கிற திசையை. தலையில் கொங்காணி இல்லை. நரைத்த மயிர் காற்றில் பிரிந்து பறந்தது, அதை ஒதுக்கவும் இல்லை. முதலில் குந்தினாள், தோட்டத்தில் சாப்பிடுகிறபோது குந்துவது போல, எப்போதும் எழுந்து ஓடத் தயாராக. வீட்டுக்காரி அவள் தோளில் கையை வைத்து மெல்ல அழுத்தினார். அம்மா மணலில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். இரண்டு கையாலும் பக்கத்து மணலைத் தட்டிச் சமப்படுத்தினாள், அங்கே இன்னொருத்தருக்கு இடம் போடுவது போல. எனக்கோ வீட்டுக்காரிக்கோ இல்லை. நாங்கள் இருவரும் மறுபக்கம் இருந்தோம்.

நெடுநேரம் இருந்தாள். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. அலை வந்து குதிகாலைத் தொட்டுவிட்டுப் போனது.

"காத்து நல்லாத்தான் இருக்கு" என்றாள் கடைசியில்.

அந்தத் தீவைப் பற்றி எத்தனையோ அபிப்பிராயம் கேட்டிருக்கிறேன். எனக்கு அது போதும். என் வாழ்க்கையில் படித்துப் பரீட்சை எழுதித் தேறியபோதும், முதல் சம்பளம் வாங்கியபோதும் எனக்கு அவ்வளவு பெருமை இருந்ததில்லை. எங்கள் சனம் எத்தனை ஆயிரம் பேர் அந்த மணலில் நடந்திருப்பார்கள். அதில் சும்மா உட்கார்ந்தவள் என் அம்மா.

அதன் பிறகு மிச்சமிருந்த நாட்களில் அவளைக் கரையிலிருந்து கிளப்புவதுதான் பாடாகிவிட்டது. விடிந்தால் அங்கே, பின்னேரமானால் அங்கே. மாப்பிள்ளைக்குச் சோறு யார் ஆக்குவது என்று கேட்டதற்கு, "ஒனக்குக் கையில்லையா?" என்றாள். என் கணவர் என் சமையலைத் தின்று இளைத்துப்போனார். கண்டி திரும்பினதும் அந்தப் பழியைக் காற்றின் மேல் போட்டார்.

திரும்புகிற அன்று துறையடி மேடையில் வண்டிக்குக் காத்திருந்தோம். அம்மாவின் துணிகள் ரோஜாப்பூப் பெட்டிக்குள் இருந்தன. கம்பளியை வீட்டுக்காரியிடமே கொடுத்துவிட்டாள், பதிலுக்கு அவர் ஓர் ஓலைப் பெட்டி நிறையப் பனங்கற்கண்டு கொடுத்திருந்தார். அன்றைக்கும் கப்பல் நின்றது. அன்றைக்கும் தோட்டத்துச் சனம் மூட்டை முடிச்சுகளோடு நின்றது. அன்றைக்கும் அந்தச் சேவகன் "வரிசை, வரிசை!" என்று கத்தினான்.

நான் அம்மாவின் கையைப் பிடிக்கப் போனேன். தேவையிருக்கவில்லை. அவள் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தபடியே இருந்தாள்.

அதே காக்கிச் சட்டை உத்தியோகத்தர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் ஓலைப் பெட்டியைத் தூக்கக் குனிந்திருந்ததால் என்னை அவர் கவனிக்கவில்லை. கூட்டத்தை விட்டு ஒரு கிழவி தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்.

"எந்தத் தோட்டம்?" என்றார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. தலையைக் குனியவுமில்லை.

"தோட்டமில்லீங்க. கண்டி" என்றாள். "இங்கே காத்து வாங்க வந்தேன். வண்டி வரட்டும்னு கொஞ்சம் உக்காந்திருக்கேன்."

உத்தியோகத்தரின் கை தானாகத் தொப்பிக்குப் போனது, காற்றுக்குப் பிடித்தாரா, வேறு எதற்காவதா, எனக்குத் தெரியாது.

"இருங்கம்மா" என்றார். "இருங்க, இருங்க."

வண்டி வந்து நிற்கும் வரை அம்மா எழுந்திருக்கவில்லை.